சியர்ரா மாத்ரே 1883: எல்லை தாண்டிய படையும் அதைச் சுமந்த கோவேறு கழுதைகளும்

#1 தெற்குவாசல்

அமெரிக்க–மெக்சிகோ போர் 1848-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் அமெரிக்கப் படைகள் மெக்சிகோ மண்ணில் கால் வைப்பது நிற்கவில்லை. 1860-ல் கோர்டினாவைத் துரத்தி, 1873-ல் மெக்கென்சி, 1883-ல் ஜெனரல் க்ரூக், 1886-ல் லாட்டன். இதில் க்ரூக் மட்டும் நாற்பது நாளில் போய், 325 அப்பாச்சி செவ்விந்தியர்களோடு திரும்புகிறார். அதே சியர்ரா மாத்ரே மலையில் மூன்று ஆண்டு கழித்து மற்றவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

கேட்க வேண்டியது இரண்டு. க்ரூக் எல்லை தாண்டியதற்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்ததா? சாலையே இல்லாத மலைக்குள் அத்தனை பேருக்கும் சாப்பாடு எப்படிப் போனது? வீரதீரக் கதைகள் வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 ஏட்டுக்கட்டு

ஒப்பந்தத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1882 ஜூலை 29 அன்று வாஷிங்டனில் வெளியுறவுச் செயலர் ஃப்ரெலிங்ஹைசனும் மெக்சிகோ தூதர் மத்தியாஸ் ரொமேரோவும் கையெழுத்திட்டார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே விதி. படைகள் எல்லை தாண்டலாம், ஆனால் இவ்வளவு நிபந்தனை:

ஒன்று, மத்திய அரசின் நிரந்தரப் படையாக இருக்க வேண்டும். மாநிலப் படைக்கும் தன்னார்வலர்களுக்கும் இடமில்லை. இரண்டு, செவ்விந்தியக் கூட்டம் ஒன்றை நெருங்கித் துரத்திக்கொண்டிருக்கும்போது மட்டும். மூன்று, ஆள் நடமாட்டமற்ற பகுதியில் மட்டும், அதாவது இரு நாட்டிலும் எந்த ஊரிலிருந்தும் முகாமிலிருந்தும் குறைந்தது இரண்டு லீக் (சுமார் ஐந்து மைல்) தள்ளி. நான்கு, பியெத்ராஸ் நேக்ராஸுக்கு மேலே 52 மைலில் இருக்கும் கபித்தான் லெயால் முதல் எல்லை ஆறான ரியோ கிராண்டே கடலில் கலக்கும் இடம் வரை எங்கேயும் தாண்டக் கூடாது. தாண்டும்போதோ, முடிந்தால் அதற்கு முன்போ, எதிர்ப்பக்கத் தளபதிக்கோ ஊர் அதிகாரிக்கோ தகவல் தர வேண்டும். சண்டை முடிந்தாலும் தடம் தொலைந்தாலும் உடனே திரும்ப வேண்டும்.

நான்காவது நிபந்தனையைப் பலர் தாண்டிப் படித்துவிடுகிறார்கள். டெக்சஸின் கீழ் ரியோ கிராண்டே முழுக்கத் தடை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டில் கலவரங்கள் நடந்ததெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். 1855-ல் காலஹனின் டெக்சஸ்காரர்கள் பியெத்ராஸ் நேக்ராஸைக் கொளுத்திவிட்டு ஓடினார்கள். 1875-ல் ரேஞ்சர் கேப்டன் மெக்நெல்லி லாஸ் குவேவாஸ் என்று நினைத்து முதலில் வேறொரு பண்ணையைச் சுட்டார். மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் இது விபரீதத்தில் முடியும் என்று மெக்சிகோ அனுபவத்தில் கண்டிருந்தது. அதனால் பாலைவனத்தை மட்டும் திறந்துவிட்டது.

அப்படியானால் 1883-ல் க்ரூக்கிடம் 'நெருங்கிய துரத்தல்' இருந்ததா? என் கணிப்பில் இல்லை. அப்பாச்சித் தலைவர் சாட்டோவின் கூட்டம் அரிசோனா, நியூ மெக்சிகோவில் புகுந்து கொள்ளையிட்டது மார்ச் கடைசியில். க்ரூக் தாண்டியது மே 1. ஒரு மாதப் பழைய தடத்தை யாரும் சூடான தடம் என்று சொல்ல மாட்டார்கள்.

#3 சோனோரா வெயில்

ஏட்டுக்கட்டு சொல்வது எழுத்துப்படி சரி. ஆனால் க்ரூக் அந்த ஓட்டையை முன்கூட்டியே அடைத்துவிட்டார். ஏப்ரலில் ரயில் ஏறி குவாய்மாஸ், எர்மோசியோ, பிறகு சிவாவா என்று போய், சோனோராவின் ஜெனரல்கள் தொப்பேத்தே, கார்போ, ஆளுநர் தோர்ரெஸ் ஆகியோரையும், சிவாவா ஆளுநர் சமானியேகோவையும் நேரில் பார்த்துப் பேசினார். தன் படையில் தடம் பார்க்கும் அப்பாச்சி ஸ்கவுட்களை மெக்சிகோ ஆட்கள் எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் சிவப்புத் தலைப்பட்டை கட்டுவது என்று ஏற்பாடு. காகிதத்தில் இல்லாததை நேர்ப்பேச்சில் வாங்கிக்கொண்டார்.

மேலிடத்து உத்தரவும் இரண்டு விதமாக வந்தது. மார்ச் கடைசியில் தலைமைத் தளபதி ஷெர்மன், படைமண்டல எல்லை, நாட்டெல்லை எதையும் பாராமல் துரத்தலாம் என்றார். பிறகு வாஷிங்டனிலிருந்து ஒப்பந்தத்துக்கு உட்பட்டே நகர வேண்டும் என்று நினைவூட்டல். க்ரூக் அதைப் படித்துக்கொண்டார், கிளம்பியும் விட்டார்.

முந்தைய ஆண்டு நடந்ததையும் பாருங்கள். 1882 ஏப்ரலில், ஒப்பந்தம் வருவதற்கு முன்பே, அப்பாச்சித் தலைவர் லோக்கோவின் கூட்டத்தைத் துரத்தி அமெரிக்க அதிகாரிகள் ஃபோர்சைத்தும் டப்பரும் உள்ளே நுழைந்தார்கள். சியர்ரா என்மேதியோவில் டப்பர் சண்டை போட்டார். தப்பி ஓடியவர்கள் மறுநாள் அலிசோஸ் ஓடையில் மெக்சிகோ கர்னல் லொரென்சோ கார்சியாவின் படையிடம் சிக்கினார்கள். 78 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த நாள் அங்கே வந்து நின்ற ஃபோர்சைத்திடம் கார்சியா 'எங்கள் மண்ணில் உங்களுக்கு என்ன வேலை' என்று எழுத்தில் கண்டனம் கொடுத்து அனுப்பினார். ஜூலை ஒப்பந்தத்துக்கு இது உடனடித் தூண்டுதல்களில் ஒன்று.

#4 பொதிச்சேணம்

சாப்பாட்டுக்கு வருவோம். க்ரூக்கின் உண்மையான ஆயுதம் கோவேறு கழுதைதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மே 1 அன்று சான் பெர்னார்தினோ அருகே தாண்டியவர்கள்: அப்பாச்சி ஸ்கவுட்கள் 193, ஆறாம் குதிரைப்படையின் வீரர்கள் 42, அதிகாரிகள் 9, பொதிகாரர்கள் 76, பொதிக் கோவேறு கழுதைகள் 266. வண்டி ஒன்றுகூட இல்லை. அறுபது நாள் உணவு, தலைக்கு 160 தோட்டா. ஒவ்வொருவரும் எடுத்துப்போனது உடுத்த உடை, ஒரு போர்வை, 40 தோட்டா. அதிகாரிகளுக்கும் இதேதான்.

அபரேஹோ என்கிற பொதிச்சேணம் இல்லாமல் இது நடக்காது. ஸ்பானியர்களிடமிருந்து வந்தது. மரச்சட்டம் போட்ட சேணம் அல்ல, இரண்டு பெரிய தோல் பைகள், முதுகுக்கு இரு பக்கமும் தொங்கும். உள்ளே காய்ந்த புல் அடைத்து, வடிவம் குலையாமலிருக்க மெல்லிய கம்புகளை விலா எலும்பு மாதிரி வரிசையாகச் செருகுவார்கள். கம்பையும் புல்லையும் அந்தந்த விலங்கின் முதுகுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க வேண்டும். ஒன்றின் சேணத்தை இன்னொன்றுக்குப் போட்டால் இரண்டு நாளில் புண் வந்துவிடும். அதனால் அடியில் விரிக்கும் கம்பளத்தில் எண்ணோ அடையாளமோ தைத்திருக்கும். மாலையில் சேணங்களை இறக்கி வரிசையாக வைப்பார்கள், காலையில் அதே வரிசையில் ஏற்றுவார்கள்.

ஏற்றும் முறை: கண்ணைத் தோல்பட்டையால் மூடு, விலங்கு அசையாது. இரு பக்கச் சுமையும் ஒரே எடை. மேலே ஒரு சிறு பொதி. பிறகு கயிற்றை மேலே சாய்சதுரம் விழும்படி இழுத்துக் கட்டு. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். தேர்ந்த ஜோடிக்குச் சில நிமிடம் போதும்.

கெட்டுப்போகும் இடங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. வயிற்றுவார் தளர்ந்தால் சேணம் உருளும், சரிவில் அந்தக் கழுதை சேணத்தோடு கீழே போகும். வயிற்றுவார் மிக இறுகினால் அடிவயிற்றில் புண். வால்வார் குட்டையாக இருந்தால் வாலடி அறுந்துவிடும். ஒரு பக்கம் பத்து பவுண்டு கூடினால்கூட மதியத்துக்குள் முதுகெலும்பு ஓரத்தில் வீக்கம் தெரியும். காலையில் கிளம்பி ஒரு மைல் போனதும் நிறுத்தி வாரை மறுபடி இறுக்குவது இதற்காகத்தான். காலையில் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும் விலங்கு நடந்ததும் அதை விட்டுவிடும், வார் தளர்ந்துபோகும்.

இன்னொன்று, மணிக்குதிரை. கூட்டத்துக்கு ஒரு பெண்குதிரை, கழுத்தில் மணி. கோவேறு கழுதைகள் அதை விட்டு விலகாது. இரவில் ஒவ்வொன்றையும் கட்டிப்போடத் தேவையில்லை, மணிக்குதிரையைக் கட்டினால் போதும். ஆனால் அந்த ஒரு குதிரை விரட்டப்பட்டால் மொத்தக் கூட்டமும் பின்னாலேயே ஓடிவிடும் என்ற ஆபத்தும் இருக்கிறது.

#5 கணக்குப்பிள்ளை

அறுபது நாள் உணவு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது.

படையின் கள உணவு ஒரு நாளைக்கு ஒருவருக்கு: உலர் ரொட்டி ஒரு பவுண்டு, உப்புப் பன்றிக்கறி முக்கால் பவுண்டு, மீதி காப்பியும் சர்க்கரையும். சுமார் 2 பவுண்டு. ஆள் 320. ஒரு நாளைக்கு 640 பவுண்டு. அறுபது நாளைக்கு 38,400. ஒரு கோவேறு கழுதைக்கு 250 பவுண்டு என்று வைத்தால் 154 விலங்கு உணவுக்கு மட்டும்.

தோட்டா: இடுப்பில் 40 போக மீதி 120, துப்பாக்கி பிடிப்பவர் 235, ஆக 28,200. ஆயிரம் தோட்டாப் பெட்டி 100 பவுண்டுக்கு மேல். அதற்கு ஒரு டஜன் விலங்கு. போர்வைகளுக்கு ஆறேழு. மொத்தம் 173 பக்கம். மீதி தொண்ணூற்றுச் சொச்சம் சமையல் பாத்திரம், லாடம், ஆணி, மருந்து, கொஞ்சம் தானியம், கூடவே வெறுமுதுகு மாற்று விலங்குகள்.

நாளுக்கு இரண்டரை கழுதை காலியாகிக்கொண்டே வரும். அதனால் இரண்டு வாரத்தில் காயம்பட்ட விலங்குக்கு மாற்று தானாகவே கிடைத்துவிடும். முதல் பத்து நாள்தான் கண்டம்.

#6 தெற்குவாசல்

அருமை. பிடிபட்ட 325 பேருக்கு யார் சோறு போட்டது? அவர்கள் கணக்கு இதில் இல்லையே.

#7 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, அதில்தான் விஷயமே இருக்கிறது. மே 1 முதல் ஜூன் 10 வரை 40 நாளில் சொந்த ஆட்கள் தின்றது 25,600 பவுண்டு. மீதி 12,800. சரணடைந்தவர்கள் சிறிது சிறிதாக வந்தார்கள். சராசரியாக 18 நாள், முழுப் பங்கு என்று வைத்தால் 325 பேருக்கு 11,700. ஆயிரம் பவுண்டுதான் மிஞ்சும், அதாவது சொந்த ஆட்களுக்கு மட்டும் என்றால் ஒன்றரை நாள் சாப்பாடு. இது என் தோராயம். குழந்தைகள் பாதி தின்றிருப்பார்கள், அப்பாச்சிகளிடம் சொந்தமாக மாடும் சுட்ட மெஸ்கால் கிழங்கும் இருந்தன. ஆனாலும் கிழமை கிழமையாக அங்கே உட்கார்ந்து, இன்னும் வந்து சேராத அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவுக்காகக் காத்திருக்க முடியாது என்பது தெளிவு. க்ரூக் கிளம்பியதற்கு உணவுதான் காரணம். ஜெரோனிமோ 'ஆட்களைத் திரட்டிக்கொண்டு பிறகு வருகிறேன்' என்றதை நம்பித்தான் ஆக வேண்டும். அவர் வந்து சேர்ந்தது 1884 தொடக்கத்தில், திருட்டு மாட்டு மந்தையோடு.

325-ல் ஆண்கள் 52 பேர்தான், மீதி 273 பெண்களும் குழந்தைகளும். க்ரூக்கை எதிர்த்த பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான்.

#8 வடகாற்று

கோவேறு கழுதையை ரொம்பத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். 1873-ல் மெக்கென்சி அதைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வென்றார். மே 17 மாலை நான்காம் குதிரைப்படையின் ஆறு கம்பெனிகளும் புல்லிஸின் கறுப்பு செமினோல் ஸ்கவுட்களும், மொத்தம் 400 பேர் அளவில், ரியோ கிராண்டேயைத் தாண்டினார்கள். விடிவதற்குள் ரெமோலினோவை எட்ட வேண்டும். பொதிவிலங்குகள் பின்தங்கின. உடனே பொதிகளை அறுத்துப்போட உத்தரவு, ஆளுக்குப் பையில் கொள்ளும் உலர் ரொட்டியோடு ஓட்டம். 18-ஆம் தேதி காலை கிக்கப்பூ, லிப்பான், மெஸ்கலேரோ என்ற செவ்விந்தியக் குழுக்களின் குடியிருப்புகளை எரித்தார்கள். 19 பேர் செத்தார்கள், நாற்பது பேர் பிடிபட்டார்கள். போகவர சுமார் 160 மைல், 32 மணி நேரம்.

வேகம் இருந்தால் பொதி எதற்கு?

#9 பொதிச்சேணம்

வடகாற்று, அந்த உதாரணம் உங்களுக்கு எதிராகவே பேசுகிறது. ரெமோலினோ எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், வேவு பார்த்தாயிற்று. சமவெளி. ஓர் இரவுப் பயணம். கிக்கப்பூ ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள். இத்தனையும் கூடினால்தான் பையில் ரொட்டியோடு போகலாம். திரும்பும் வழியில் அந்த ஆட்கள் மூன்றாம் இரவாகத் தூங்காமல் சேணத்திலிருந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தார்கள். நதிக்கு முன்னால் ஒரு மெக்சிகோ படைப்பிரிவு மறித்திருந்தால் கதை வேறு.

சியர்ரா மாத்ரேயில் முகாம் எங்கே என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சாட்டோ கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த சோயே, படையினர் 'பீச்சஸ்' என்று கூப்பிட்டவர். பாவிஸ்பே, பாசெராக், வாச்சினேரா என்று ஆற்றோரமாகப் போய், பிறகு மலை ஏற்றம். பாதையில் கழுதைகள் உருண்டு செத்தன. அதற்குப் பிறகு க்ரூக் செய்ததைக் கவனியுங்கள். பொதியைப் பின்னால் நிறுத்தி, நான்கு நாள் உணவோடு 150 ஸ்கவுட்களை மட்டும் கேப்டன் கிராஃபர்டோடு முன்னே அனுப்பினார். மே 15-ல் சாட்டோ, போனித்தோ முகாமைக் கண்டு தாக்கியது அந்த ஸ்கவுட்கள்தான். அதாவது மெக்கென்சியின் வேகமும் அங்கே இருந்தது, ஆனால் நான்கு நாள் தூரத்துக்குள் கிடங்கு ஒன்று நடந்து வந்துகொண்டிருந்தது.

#10 சோனோரா வெயில்

ரெமோலினோவை 'வென்றார்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1873-ல் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பிடித்தவர்களைப் பணயமாக வைத்துத்தான் மற்ற கிக்கப்பூக்களில் ஒரு பகுதியை இந்தியன் டெரிட்டரிக்கு (செவ்விந்தியர்களுக்கென அமெரிக்கா ஒதுக்கிய பகுதி) வரவழைத்தார்கள். 1877 ஜூன் 1 உத்தரவில் டெக்சஸ் தளபதி ஜெனரல் ஆர்ட், தன் முடிவின்படி தாண்டலாம் என்று வாஷிங்டன் எழுதியே கொடுத்தது. உடனே மெக்சிகோ அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் ஜெனரல் த்ரெவீனியோவைப் படையோடு எல்லைக்கு அனுப்பினார். 1878 ஜூனில் மெக்கென்சி பெரும்படையோடு மறுபடி உள்ளே போனபோது எதிரே மெக்சிகோ படை அணிவகுத்து நின்றது. துப்பாக்கி வெடிக்காதது இருவரின் அதிர்ஷ்டம். 1880-ல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1882-ல் தியாஸின் ஆட்களே ஒப்பந்தத்துக்கு வந்ததற்கு இந்த இடைவெளி முக்கியம். தன்னிச்சையாகத் தாண்டும் உரிமையை வாஷிங்டன் கைவிட்டதால்தான் அனுமதியோடு தாண்டும் உரிமை கிடைத்தது.

பொறுப்பு யாருடையது என்பதும் எப்போதும் ஒரே திசையில் இல்லை. 1848 குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவில், வடக்கிலிருந்து மெக்சிகோவுக்குள் போகும் செவ்விந்தியக் கொள்ளையைத் தடுப்பது அமெரிக்காவின் கடமை என்று எழுதியிருந்தது. செய்ய முடியவில்லை. 1853 காட்ஸ்டன் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவையே ரத்து செய்து கழற்றிக்கொண்டார்கள்.

#11 ஏட்டுக்கட்டு

சிவப்புத் தலைப்பட்டை பற்றி சோனோரா வெயில் சொன்னாரே, அந்த ஏற்பாட்டின் எல்லை 1886 ஜனவரி 11-ல் தெரிந்தது. கிராஃபர்டின் ஸ்கவுட்கள் ஆரோஸ் ஆற்றுப் பக்கம் ஜெரோனிமோ முகாமைக் கைப்பற்றி, மறுநாள் பேச்சுவார்த்தை என்று களைத்துப் படுத்திருந்தார்கள். விடிவதற்குள் சிவாவாவின் படைத்திரள் ஒன்று, மவ்ரீசியோ கொர்ரெதோர் தலைமையில், அவர்களைச் சுட்டது. கிராஃபர்ட் பாறை மேல் ஏறிக் கைக்குட்டையை அசைத்து நிறுத்தச் சொன்னார். தலையில் குண்டு. 18-ஆம் தேதி இறந்தார். கொர்ரெதோரும் அங்கேயே செத்தார். 1880-ல் த்ரெஸ் காஸ்தியோஸில் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவைக் கொன்றதாகப் பெயர் பெற்றவர் அவர்.

வந்தவர்கள் நிரந்தரப் படை அல்ல, சிவாவாவில் அப்பாச்சித் தலைக்கு விலை உண்டு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்கவுட் எந்தப் பக்கத்து அப்பாச்சி என்று விசாரித்துக்கொண்டிருப்பதில் அவர்களுக்கு லாபம் இல்லை. பொறுப்பேற்ற லெப்டினன்ட் மாஸை அவர்கள் முகாமில் பிடித்துவைத்து, காயம்பட்டவர்களைத் தூக்கிப்போகக் கோவேறு கழுதைகளை வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். தவறுதலாகச் சுட்டோம் என்றது மெக்சிகோ. தெரிந்தே சுட்டார்கள் என்றார் மாஸ்.

#12 வடகாற்று

சரி, ரெமோலினோவை விடுகிறேன். ஆனால் 1886-ல் க்ரூக்குக்குப் பதிலாக வந்த ஜெனரல் மைல்ஸிடம் 5,000 வீரர்கள். அவர் மெக்சிகோவுக்குள் அனுப்பிய லாட்டனிடம் பொதியும் இருந்தது: 100 கோவேறு கழுதை, 30 பொதிகாரர். பிறகு ஏன் இழுத்தது?

#13 பொதிச்சேணம்

ஸ்கவுட் எண்ணிக்கையைப் பாருங்கள். மே 5-ல் ஹுவாச்சூக்கா கோட்டையிலிருந்து கிளம்பிய லாட்டனிடம் குதிரைப்படை 35, காலாட்படை 20, ஸ்கவுட் 20. க்ரூக்கிடம் 193. அப்பாச்சி ஸ்கவுட்களை மைல்ஸ் நம்பவில்லை. பதிலுக்கு, கண்ணாடியில் வெயிலைப் பளிச்சிடவைத்துச் செய்தி அனுப்பும் 27 ஹீலியோகிராஃப் நிலையங்களை மலைகளில் வைத்தார். ஆனால் அவை அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இருந்தன, ஜெரோனிமோ இருந்தது சோனோராவில்.

குதிரைகள் சில வாரத்தில் தேய்ந்துபோய்த் திருப்பி அனுப்பப்பட்டன. தானியம் தின்று பழகிய குதிரை, கோடையில் காய்ந்த புல்லில் சுமையும் ஏற்றமும் தாங்காது. மீதியெல்லாம் நடை. ஜெரோனிமோவிடம் ஆண்கள் இருபது பேர் அளவில்தான். அவர்கள் குதிரை நொண்டினால் கொன்று தின்றுவிட்டு அடுத்த பண்ணையில் புதியது எடுப்பார்கள். சொந்தக் குதிரையைக் காப்பாற்ற வேண்டிய படை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவே முடியாது.

கடைசியில் வேலை முடித்தது யார்? லெப்டினன்ட் கேட்வுட், கூடவே சிரிக்காவா ஸ்கவுட்கள் கயித்தா, மார்த்தீன். பாவிஸ்பே ஆற்றங்கரையில் ஆகஸ்ட் கடைசியில் நேரில் பேச்சு, செப்டம்பர் 4-ல் ஸ்கெலிட்டன் கேன்யனில் சரண். ஸ்கவுட்களை வைத்துப் பேசி வரவழைப்பது, க்ரூக்கின் முறையேதான்.

#14 தெற்குவாசல்

கடைசியாக ஒன்று. ஸ்கவுட்கள் 'நிரந்தரப் படை'யா? இல்லையென்றால் க்ரூக்கின் படையில் பெரும்பகுதியே ஒப்பந்தத்துக்கு வெளியே. 1886-க்குப் பிறகு இந்த ஒப்பந்தம் என்ன ஆனது?

#15 ஏட்டுக்கட்டு

அமெரிக்கத் தரப்பின் வாதம்: 1866 சட்டத்தின்படி ஸ்கவுட்கள் படையில் பெயர் பதிவு செய்து சம்பளம் வாங்குகிறவர்கள், அதனால் படையே. மெக்சிகோ அதிகாரிகளுக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. 1882 வாசகத்தில் ஸ்கவுட் பற்றி ஒரு தனிவரி போட்டிருந்தால் பாதிச் சச்சரவு வந்திருக்காது. எழுதியவர்கள் மனதில் இருந்தது சீருடை போட்ட குதிரைப்படை.

1886-க்குப் பிறகும் கதவு முழுக்க மூடவில்லை. 1896 ஜூன் 4-ல் ரொமேரோவும் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஓல்னியும் மறுபடி ஒரு தாண்டல் ஒப்பந்தம் போட்டார்கள். இந்த முறை செவ்விந்தியக் கூட்டம் என்று பொதுவாக விடவில்லை, 'கிட் கூட்டம்' என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். அந்தக் கிட், ஸ்கவுட் தலைவர் அல் சீபரிடம் ஸ்கவுட்டாக வேலை பார்த்த அப்பாச்சி கிட். அவரை யாரும் பிடிக்கவில்லை.